ஹல்லாவைச் சுட்டது யார்?

சாப்பாட்டு மேஜை மேல் ரொட்டி இருந்தது. காபி இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருந்தது.

ரொட்டியை எடுப்பதா, கையைத் தூக்குவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான் கஸ் ட்ரெவாரோ. துப்பறிவாளர் ஹில்மா சாரெலாவிடம் உதவியாளனாகச் சேர்வதற்கு முன் அவன் கார்வர் ஊர் வானொலியில் அறிவிப்பாளன். மரண அறிவிப்பு வாசிக்கும்போது, செத்தவரின் பட்டப்பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டான். வேலை போயிற்று. வாய் போகவில்லை.

"பாஸ், காபியில சர்க்கரை கம்மின்னு சொல்லலாமா? இல்ல, உயிருக்கு ஆபத்தா?" என்று முணுமுணுத்தான்.

ஹில்மா காதில் வாங்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு, கம்பளித் தொப்பி, கன்னத்தில் அடக்கிய உப்பு மிட்டாய். அவள் கண் முழுக்க எதிரே இருந்த கிழவர் மேல்தான்.

வைனோ ஹெய்க்கிலா. செம்புச் சுரங்கத்தை இழுத்து மூடும்வரை பாறையைத் துளைத்த கை. ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். கண் மட்டும் அழுது அழுது பழுத்திருந்தது.

"என் ஹல்லாவைச் சுட்டவன் எவன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்," என்றார். "கண்டுபிடிச்சுக் குடும்மா."

"நடந்ததை முதல்லேருந்து சொல்லுங்க பெரியவரே."

"போன சனிக்கிழமை கௌதாரி வேட்டைக்குப் போனோம். நானும் க்ளோவிஸும். எப்பவும் நாங்க ரெண்டு பேர்தான். அவன் ஓடைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவுல ஹல்லா. மத்தியானத்துக்கு மேல அவளைக் காணோம். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவா, வரல. கடைசில க்ளோவிஸ் தன் கோட்டுல அவளைச் சுத்தித் தூக்கிட்டு வந்தான்." கிழவர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "வெள்ளை நாய்ம்மா அவ. கோட்டை விரிச்சப்ப வெள்ளையே இல்ல."

"சுட்டவனைக் க்ளோவிஸ் பார்த்தாரா?"

"தூரத்துல பார்த்திருக்கான். சிவப்புத் தொப்பி. சுட்டுட்டு ஓடி, மரம் வெட்டறவங்களோட பழைய பாதையில கார் ஏறிப் போயிட்டானாம். டெட்ராய்ட்லேருந்து வர்ற பயலுகள்ல ஒருத்தன். புதர் அசைஞ்சாப் போதும், சுட்டுடுவானுங்க."

அடுப்பில் கெட்டில் கூவ ஆரம்பித்தது. வைனோவின் முழங்கையிலிருந்து ஒரு முழ தூரம்தான் அடுப்பு. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். கூவல் ஊளையாக மாறியதும் பின்வாசலிலிருந்து அவர் மனைவி லெம்பி ஈரக் கையோடு ஓடி வந்து கெட்டிலை இறக்கினாள்.

"உங்க கெட்டிலுக்கு உங்களைவிடக் கோபம் வருது பெரியவரே," என்றான் கஸ்.

வைனோ சிரிக்கவில்லை. லெம்பிதான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "சிரிக்கற நிலைமையில இல்லப்பா. நேத்து பெட்ரோல் பங்க்ல ஒரு அப்பாவி சிவப்புத் தொப்பி போட்டுட்டு நின்னான். இவர் போய் அவன் நெஞ்சுல துப்பாக்கியை வச்சுட்டார். அவன் பொண்டாட்டி கார்க்குள்ளேருந்து கதறின கதறல் இன்னும் என் காதுல இருக்கு."

ஹில்மா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே நாய்க் கொட்டகை காலியாக இருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டாள்: "ஹல்லா கழுத்துல மணி இருந்துச்சா?"

பதில் இல்லை.

அவள் திரும்பி நின்று மறுபடியும் கேட்டாள்.

"இல்லாம இருக்குமா?" என்றார் வைனோ. "அடர்ந்த புதர்ல நாய் கண்ணுக்குத் தெரியாது. மணிதான் கண்ணு. மணி நின்னா, அவ கௌதாரிக்கு முன்னால சிலையா நிக்கறான்னு அர்த்தம். ஆனா க்ளோவிஸ் தூக்கிட்டு வந்தப்ப மணி இல்ல. எங்கயோ கழண்டு விழுந்திருக்கும்னான். அதனாலதான் அந்தப் பாவிக்கு நாய்னு தெரியல."

துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அப்பா காலத்துத் துப்பாக்கி. கட்டையில் கை பட்டுப் பட்டு மெழுகு மாதிரி வழவழத்தது.

"வர்ற சனிக்கிழமை வெளியூர்க்காரனுங்க மறுபடி வருவானுங்க. அதுக்குள்ள நீ ஆளைச் சொல்லிடு. இல்லேன்னா ஒவ்வொரு சிவப்புத் தொப்பியா நானே விசாரிச்சுக்கறேன்."

அவர் சொன்ன விதத்தில், ரொட்டிப் பக்கம் நீண்ட கையைக் கஸ் இழுத்துக்கொண்டான்.

மரம் வெட்டுகிறவர்களின் பழைய பாதை முடிகிற இடத்தில் ஹில்மாவின் பழைய லாரி முனகி நின்றது. முடிகிற இடம் என்றால் உண்மையிலேயே முடிகிற இடம். முன்னால் ஆறு ஓடியது. பாலம் இருந்த இடத்தில் இரண்டு மரத்தூண்கள் மட்டும் தண்ணீரில் நின்றன.

"எப்ப போச்சு இந்தப் பாலம்?"

"பனி உருகின வெள்ளத்துல, பாஸ். நான்தான் வானொலியில சொன்னேன். யாரும் கேக்கல, அது வேற விஷயம்." கஸ் இறங்கி ஆற்றை எட்டிப் பார்த்தான். "அப்ப நம்ம சிவப்புத் தொப்பிக்காரன் காரைத் தலையில வச்சு நீந்திப் போயிருக்கான். பலசாலிதான்."

"கார் வந்த தடமும் இல்ல. நாம வர்றப்போ பாதை முழுக்கப் புல்லு நிமிர்ந்துதான் நின்னுது."

"அப்படின்னா?"

"சிவப்புத் தொப்பின்னு ஒருத்தன் இல்லவே இல்ல, கஸ். இல்லாத ஆளுக்குத் தொப்பி தைச்சுக் குடுத்தவர் யாருன்னுதான் பார்க்கணும்."

இருவரும் ஓடையோரம் நடந்தார்கள். பாப்ளர் இலைகள் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருந்தன. காலடியில் எங்கிருந்தோ ஒரு கௌதாரி படபடவென்று வெடித்துக் கிளம்ப, கஸ் ஹில்மாவின் தோளைக் கட்டிக்கொண்டான்.

"அது உன்னைச் சுடாது. விடு."

ஓடை வளையும் இடத்தில் புல் அமுங்கிக் கிடந்தது. கறுத்துக் காய்ந்த கறை. யாரோ அங்கே வெகுநேரம் மண்டியிட்டிருந்ததற்கு அடையாளமாகச் சேற்றில் இரண்டு குழிகள். ஹில்மா குனிந்து குழிகளைப் பார்த்தாள். கஸ் பார்க்க விரும்பாமல் அண்ணாந்தான். அப்படித்தான் அது கண்ணில் பட்டது. புதரின் கவட்டையில் சிக்கியிருந்த ஒரு சின்ன வட்டம், சட்டைப் பொத்தான் மாதிரி.

"பாஸ், மரம் பொத்தான் காய்ச்சிருக்கு."

ஹில்மா அதை உள்ளங்கையில் வாங்கினாள். கெட்டிக் கம்பளி வில்லை. ஒரு பக்கம் வெடிமருந்து கருகிய வாடை.

"தோட்டாவுக்குள்ள வெடிமருந்துக்கும் ரவைக்கும் நடுவுல வைக்கிறது. சுடும்போது ரவையோட சேர்ந்து பறக்கும். ஆனா ரொம்ப தூரம் போகாது. உன்கிட்ட ஒரு பத்து சென்ட் காசு இருக்கா?"

"சம்பள உயர்வு குடுக்கறீங்கன்னு நினைச்சேன். வாங்கவா பார்க்கறீங்க?"

காசை வில்லை மேல் வைத்தாள். வில்லை காசுக்கு அடியில் முழுசாக மறைந்துபோயிற்று. ஹில்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டாள். மிட்டாயை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அது நல்ல அறிகுறி இல்லை என்பது கஸ்ஸுக்குத் தெரியும்.

க்ளோவிஸ் போத்ரி தனி ஆள். மனைவி போய்ச் சேர்ந்தபின் பட்டாணி சூப்பும் அடுப்புமாக வாழ்கிற மெலிந்த மனிதர். கதவைத் திறந்தவர் வந்தவர்களைப் பார்த்ததும் வழியை விடாமல் நின்றார்.

"உள்ள வரலாமா? வெளிய குளிரு. என் மூக்கு எங்க போச்சுன்னே தெரியல," என்றான் கஸ்.

உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கம்பளிக் கோட்டு தொங்கியது. துவைத்திருந்தார். துவைத்தும் மார்புப் பக்கம் பழுப்பு போகவில்லை.

"உங்க சிவப்புத் தொப்பிக்காரன் எந்த வழியாப் போனான்?" என்று கேட்டாள் ஹில்மா.

"மரம் வெட்டறவங்க பாதை வழியா. கார்ல."

"பாலம் இல்லையே."

க்ளோவிஸின் கண் கோட்டுப் பக்கம் போய் வந்தது. ஹில்மா அடுப்பில் குளிர்காய்கிறவள் போலப் போய், கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

கோட்டு கிணுகிணுத்தது.

ஹில்மா கோட்டுப் பைக்குள் கைவிட்டு, தேய்ந்த ஒரு பித்தளை மணியை எடுத்தாள்.

"கழண்டு விழுந்த மணி உங்க பையிலயா வந்து விழுந்துது?"

க்ளோவிஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "சரி. நான்தான் சுட்டேன். கௌதாரின்னு நினைச்சுட்டேன். பயத்துல பொய் சொல்லிட்டேன். போதுமா? போய் அவன்கிட்டச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?" என்றான் கஸ். அவனுக்கே ஏமாற்றமாக இருந்தது. "பாஸ், இந்தக் கேஸுக்கா நான் பூட்ஸைச் சேறாக்கினேன்?"

"உங்க துப்பாக்கி எங்க க்ளோவிஸ்?"

மூலையைக் காட்டினார். ஹில்மா அதை மடக்கித் திறந்து, தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டு, குழல் வாய்மேல் கம்பளி வில்லையை வைத்தாள். வில்லை குழலுக்குள் நழுவி, உரசாமல் உருண்டு, மறுபக்கம் வழியாகத் தரையில் விழுந்தது.

"உங்களுது பெரிய குழல். இந்த வில்லை பத்து சென்ட் காசைவிடச் சின்னது. இது உங்க துப்பாக்கியில இறுக்கமா உக்காராது. சின்னக் குழல் துப்பாக்கி ஒண்ணை இன்னிக்குக் காலையில ரொட்டிக்குப் பக்கத்துல பார்த்தேன்."

கஸ்ஸுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும், தரையில் விழுந்த வில்லையைக் குனிந்து எடுத்தான்.

"மணி கழண்டு விழல," என்றாள் ஹில்மா மெதுவாக. "கடைசிவரைக்கும் அடிச்சுக்கிட்டுதான் இருந்தது. அதனாலதான் கழட்டி ஒளிச்சு வச்சீங்க. அடிக்கிற மணியைப் பார்த்து எந்த வேட்டைக்காரனும் சுடமாட்டான். காதுல விழுந்தா. கெட்டில் பக்கத்துல ஊளையிடுது, அந்த மனுஷன் திரும்பிப் பார்க்கல. நான் முதுகைக் காட்டிக் கேட்டா பதில் இல்ல. உதட்டைப் பார்த்தாத்தான் பதில். சுரங்கமும் துப்பாக்கியுமா சேர்ந்து அவர் காதைத் தின்னுடுச்சு. இல்லையா?"

க்ளோவிஸ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"ரொம்ப நாளாவே எனக்குத் தெரியும்," என்றார் கைக்குள்ளிருந்தே. "கீச்சுச் சத்தம் எதுவும் அவனுக்குக் கேக்காது. அவனே ஒத்துக்கமாட்டான். மணி நின்னதும் நான் கையைத் தூக்குவேன். அவன் என் கையைப் பார்த்துப் போவான். என்னமோ தானே மணியைக் கேட்ட மாதிரி. நானும் கண்டுக்கறதில்ல. அன்னிக்கு ஓடையைத் தாண்டறப்ப நான் பின்தங்கிட்டேன். அவ மணி அவனைப் பார்த்து ஓடுது, எனக்குக் கேக்குது. புதர் அசையுது. அவன் துப்பாக்கியைத் தாழ்வாப் பிடிக்கறான். 'வேண்டாம்டா'ன்னு கத்தினேன். ரெண்டு தடவை கத்தினேன்."

"அவருக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டான் கஸ்.

"கௌதாரி தப்பிச்சுடுச்சுன்னு நினைச்சு நடந்து போயிட்டான். நான் போய்ப் பார்த்தேன். அவ உடனே போகல தம்பி. என் மடியில கிடந்தா. அங்க அவன் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டான். அவன் கூப்பிடறப்பல்லாம் வாலை ஆட்டினா. எந்திரிக்கப் பார்த்தா. நான் அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன்."

அடுப்பில் விறகு சரிந்தது. கஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான்தான் சுட்டேன்னே இருக்கட்டும்மா," என்றார் க்ளோவிஸ். "தன் கையாலன்னு தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான்."

"என்னை நம்பி வந்தவங்ககிட்ட நான் பொய் சொன்னதில்ல. அதோட, அந்தத் துப்பாக்கி அவர் கையில இருக்கறவரைக்கும் நான் எப்படிச் சும்மா இருக்கறது? அடுத்த தடவை புதருக்குள்ள ஒரு மனுஷன் இருக்கலாம்."

"நீங்க பொய் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாயும் நானும் இல்லாம அவன் காட்டுக்குள்ள ஒருநாளும் காலை வச்சதில்ல. நாய் போயிட்டா. இப்ப நானும் அவனுக்கு இல்லேன்னு ஆயிட்டா, துப்பாக்கி தானா ஆணியில ஏறிடும்."

தன் நட்பை இவ்வளவு நிதானமாக அறுத்து வைக்கிற மனிதரைக் கஸ் அதுவரை பார்த்ததில்லை.

வைனோவின் சமையலறையில் க்ளோவிஸ் உட்காரவில்லை. வைனோவுக்கு நேர் எதிரே, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்றார். மணியை மேஜைமேல் வைத்தார்.

"சிவப்புத் தொப்பி யாரும் இல்லடா வைனோ. நான்தான். தெரியாம சுட்டுட்டேன்."

வைனோ அவரைப் பார்த்தார். மணியைப் பார்த்தார்.

"நீயா?" குரல் உடைந்தது. "தெரியாம நடக்கறதுதான்டா. எனக்கும் நடந்திருக்கலாம். அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். இல்லாத ஒருத்தனை ஏன்டா என் தலையில ஏத்தினே? பங்க்ல அந்தப் பொம்பளை கத்தினாளே... நான் விரலை அழுத்தியிருந்தா?"

"தப்புதான்."

"போ. இனிமே என் வாசல்ல உன்னைப் பார்க்கக்கூடாது."

க்ளோவிஸ் தலையாட்டிவிட்டுப் போனார். வாசல் கதவு சாத்துகிற ஓசை. லெம்பி கணவனையும் பார்க்காமல், கதவையும் பார்க்காமல், மேஜை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று கஸ்ஸுக்குத் தோன்றியது.

வைனோ துப்பாக்கியை மடக்கித் தோட்டாக்களை உருவினார். அதை ஹில்மாவின் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போம்மா. அவளும் இல்ல, அவனும் இல்ல. யாரோட போறது நான்?"

க்ளோவிஸின் கணக்கு தப்பவில்லை. ஹில்மா துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். போகலாம் என்று கஸ்ஸுக்குக் கண் காட்டினாள். வழக்கு முடிந்துவிட்டது.

அப்போதுதான் கிழவர் மணியைக் கையில் எடுத்தார்.

மணியோடு இருந்த கழுத்துப் பட்டையில் ஒட்டியிருந்த வெள்ளை முடியை விரலால் தடவினார். பிறகு, குழந்தைக்கு ஆட்டுவதுபோல, மெல்ல ஒருமுறை ஆட்டினார்.

கணீரென்று அறை முழுக்க நிறைந்தது அந்த ஓசை. லெம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

வைனோவின் நெற்றி சுருங்கியது. மறுபடி ஆட்டினார். காதருகே கொண்டுபோய் ஆட்டினார். மறு காதுக்கு மாற்றினார். மணியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். நாக்கு இருந்தது. கட்டைவிரலால் அதைத் தட்டினார்.

"லெம்பி, இது அடிக்குதா?"

லெம்பி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிக்குதான்னு கேக்கறேன்."

கஸ் ஹில்மாவைப் பார்த்தான். அவள் கிழவருக்கு நேராக முகத்தைத் திருப்பி, உதடு தெளிவாகத் தெரியும்படி சொன்னாள்: "அடிக்குது பெரியவரே. நல்லா அடிக்குது."

வைனோ மணியைக் கீழே வைத்தார். அவர் கண் எங்கேயோ போயிற்று. ஓடை வளையும் இடத்துக்குத்தான் போயிருக்கும். அங்கே அன்று ஒரு புதர் அசைந்தது. அவர் தாழ்வாகச் சுட்டார். பறவை எழும்பவே இல்லை.

"அவன் எங்க?" என்றார். "அவனை எங்க போகச் சொன்னேன்?"

கோட்டுகூடப் போடாமல் வெளியே ஓடினார். க்ளோவிஸ் சாலையில் பாதிதூரம் போயிருந்தார். வைனோ அவர் பேரைச் சொல்லிக் கத்தினார். க்ளோவிஸ் திரும்பி நின்றார். கஸ்ஸும் ஹில்மாவும் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்தபோது, வைனோ நண்பரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அவர் உதட்டையே பார்த்தபடி நின்றார். என் கையா என்று கேட்கவில்லை. அதைத் தாண்டி வந்துவிட்டார்.

"அவளுக்கு வலிச்சுதாடா?"

க்ளோவிஸ் அசையாமல் நின்றார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி, நண்பருக்கு விளங்கும்படி சொன்னார்:

"இல்லடா. அந்த நிமிஷமே போயிட்டா. நீ கூப்பிட்டதுகூட அவ காதுல விழுந்திருக்காது."

வைனோ திரும்பிக் கஸ்ஸைப் பார்த்தார். "நிஜமாவா தம்பி? இவன் பொய் சொல்ற ஆளு. நீ சொல்லு."

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற வாய் வறண்டு கிடந்தது. பொய்யே சொல்லாத தன் முதலாளி பக்கத்தில் நிற்பது கஸ்ஸுக்குத் தெரியும். கிழவருக்கு நேராக நின்றான்.

"ஆமா பெரியவரே," என்றான். "டாக்டரும் அதேதான் சொன்னார்."

எந்த டாக்டரும் அந்த நாயைப் பார்க்கவில்லை. ஹில்மா துப்பாக்கியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, காட்டுப் பக்கம் பார்த்தாள்.

வைனோ தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டினார். க்ளோவிஸின் சட்டைக் கையை மட்டும் அவர் விடவில்லை.